படகிலேயே ஒரு பேட்டரி சார்ஜர்: ஆம்பியருக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு இதே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, வலை கட்டுவது எல்லாம் இந்த நாட்களில் நடந்துவிடும். பேட்டரியை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தடை முடிந்து சாவியைத் திருப்பும்போது செல்ஃப் ஒரு 'டக்'கோடு நின்றால்தான் அதன் ஞாபகமே வரும்.

அப்போது பலருக்கும் தோன்றும் யோசனை, படகிலேயே ஒரு சார்ஜரை நிரந்தரமாக மாட்டிவிடலாமே என்பது. யோசனை நல்லதுதான். ஆனால் கடையில் '10 ஆம்பியர்', '20 ஆம்பியர்', '2 பேங்க்', '3 ஸ்டேஜ்', 'ஸ்மார்ட்', 'ஐபி67' என்று அட்டைப்பெட்டி முழுக்க எழுதியிருக்கும். ஆம்பியர் அதிகமாக உள்ளதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஆம்பியர் கடைசியில் வர வேண்டிய கேள்வி.

இந்தச் சாமான் யாருக்காகச் செய்யப்பட்டது

படகில் பொருத்தும் பல பேங்க் சார்ஜர் என்பது பெரும்பாலும் அமெரிக்க ஏரிகளில் பொழுதுபோக்காக மீன்பிடிப்பவர்களின் தேவைக்கு வளர்ந்த பொருள். அந்தப் படகுகளின் முன்பக்கம் சத்தமில்லாமல் நகர்வதற்கென்று ஒரு சிறிய மின்மோட்டார் இருக்கும். அது 12, 24 அல்லது 36 வோல்ட்டில் ஓடும். அதற்கு ஒன்று முதல் மூன்று பேட்டரி வரை வேண்டும். எஞ்சினுக்குத் தனியாக இன்னொன்று. பகல் முழுக்க மீன்பிடித்துவிட்டு, மாலையில் படகை டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்கு இழுத்துப்போய், கார் நிறுத்தும் கொட்டகையில் ப்ளக்கைச் சொருகிவிடுவார்கள். விடிவதற்குள் நான்கு பேட்டரியும் நிறைந்திருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் அட்டைப்பெட்டியில் இருப்பதில் பாதி புரிந்துவிடும். பேங்க் என்றால் ஒரு பேட்டரிக்குப் போகும் தனி வெளியீடு. 2 பேங்க் சார்ஜரில் '20 ஆம்பியர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தால், அது இரண்டுக்கும் சேர்த்த கணக்காக இருக்கலாம். ஒரு பேட்டரிக்குக் கிடைப்பது 10 தான். அமெரிக்காவில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 120 வோல்ட். அதற்கு மட்டுமே செய்த சார்ஜரை யாராவது அங்கிருந்து கொண்டுவந்து கொடுத்து, அதை நம் 230 வோல்ட்டில் சொருகினால் புகைதான் வரும். பின்பக்கம் '100 முதல் 240 வோல்ட்' என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றதெல்லாம்.

முக்கியமான வித்தியாசம் வேறு. அந்தப் படகு ராத்திரி பத்து மணி நேரம் ப்ளக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. நம் படகு நிற்கிறதா?

முதல் கேள்வி: கரண்ட் எங்கே, எத்தனை மணி நேரம்

மூன்று வகைப் படகுகளை எடுத்துக்கொள்வோம்.

1. பல நாள் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகு. எஞ்சின் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். டைனமோ என்று படகில் சொல்லப்படும் ஆல்டர்னேட்டரே பேட்டரியைக் கவனித்துக்கொள்ளும். கடலில் இருக்கும்போது ப்ளக் சார்ஜருக்கு வேலையே இல்லை. துறைமுகத்தில் கட்டியிருக்கும் நாட்களுக்கும் தடைக்காலத்துக்கும்தான் அது வேண்டும். இதற்குப் பெரிய சார்ஜர் வாங்குவது வீண். பொறுமையாக ஏற்றி, நிறைந்த பிறகு பிடித்துவைத்திருக்கும் சிறிய சார்ஜர் போதும்.

2. அன்றாடம் போய்வரும் படகு. எஞ்சின் ஓடும் நேரம் குறைவு, வெளிச்சமும் கருவிகளும் எரியும் நேரம் அதிகம். கரையில் ப்ளக் எட்டும் இடத்தில் நின்றால், சார்ஜர் நிஜமாகவே பயன்படுவது இங்கேதான். ஆனால் துறைமுகங்களில் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி நாலைந்து வரிசை கட்டப்பட்டிருக்கும். முதல் வரிசைக்கு எட்டும் வயர் ஐந்தாவது வரிசைக்கு எட்டாது. வருகிற கரண்டும் ஏறி இறங்கும் என்பதால், குறைந்த வோல்ட்டிலும் வேலை செய்யும் சார்ஜராகப் பார்த்து எடுக்க வேண்டும்.

3. மணலில் இழுத்து ஏற்றும் ஃபைபர் படகு. அங்கே ப்ளக்கே இல்லை. சிறிய அவுட்போர்டு மோட்டாரில் சார்ஜ் ஏற்றும் காயில் இருந்தாலும் அது தருவது சொற்ப ஆம்பியர். இந்தப் படகுக்கு ப்ளக் சார்ஜரை நிரந்தரமாக மாட்டுவது காசைக் கடலில் போடுவதுதான். அதே பணத்தில் வீட்டில் ஒரு நல்ல சார்ஜர் வைத்துக்கொண்டு பேட்டரியைத் தூக்கிப்போய் ஏற்றலாம். அல்லது படகில் சோலார் பலகையும் கன்ட்ரோலரும் வைக்கலாம். 100 வாட் பலகை நல்ல வெயில் நாளில் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ 25 ஏ.எச். (ஆம்பியர்-மணி) தரும். கன்ட்ரோலரும் ஒரு சார்ஜர்தான். கீழே சொல்லப்போகும் விதிகள் அதற்கும் பொருந்தும்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது

ஏ.எச். என்பது ஆம்பியர்-மணி. 100 ஏ.எச். பேட்டரி என்றால், 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்று அர்த்தம். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரிக்கு மெல்லிய தட்டுகள் பல இருக்கும். சில விநாடிகளுக்குப் பெருத்த கரண்டைக் கொட்டிவிட்டு உடனே நிறைந்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க லைட்டுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் கொடுக்கும் பேட்டரிக்குத் தடித்த தட்டுகள் வேண்டும். முதல் வகையை இரண்டாவது வேலைக்கு வைத்து, தினமும் அடிவரை இறக்கினால் சீக்கிரமே போய்விடும். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரி இரண்டாவது வேலைக்குத் தோதானதுதான், ஆனால் உயரமானது; படகு சாயும்போது ஆசிட் வழியாதபடி பெட்டியில் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும்.

சும்மா வைத்திருக்கும் 12 வோல்ட் ஆசிட் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டினால் முழுசாக இருக்கிறது. 12.2 காட்டினால் பாதி. 12.0 வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். ஏற்றி இறக்கிய உடனே பார்த்தால் கணக்கு தப்பும். சில மணி நேரம் ஆறவிட்டுப் பார்க்க வேண்டும்.

பேட்டரி இறங்கும்போது தட்டுகளில் லெட் சல்பேட் படிகிறது. உடனே ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டியான படிகமாகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கரையாது. பேட்டரி 'செத்துவிட்டது' என்று சொல்வதில் பெரும்பகுதி இதுதான். முழுசாக இறங்கினால் மட்டும் வரும் நோயும் அல்ல. தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்தி, மீதி 20-ஐ ஏற்றாமலே விட்டாலும் வரும்.

நல்ல சார்ஜர் மூன்று கட்டமாக வேலை செய்வது இதற்காகத்தான்.

1. பல்க். சார்ஜர் தன் முழு ஆம்பியரையும் தள்ளும். ஏறத்தாழ 80 சதவீதம் இதில் நிறையும்.

2. அப்சார்ப்ஷன். வோல்ட்டை 14.4 போல ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு, பேட்டரி வாங்குகிற ஆம்பியரை மட்டும் கொடுக்கும். அது குறைந்துகொண்டே வரும். கடைசி 20 சதவீதத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். பெரிய சார்ஜர் வாங்கினாலும் இந்த நேரம் அவ்வளவாகக் குறையாது, ஏனென்றால் இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது பேட்டரி.

3. ஃப்ளோட். நிறைந்ததும் 13.5 அளவுக்கு இறங்கி, தானாக வடிவதை மட்டும் ஈடுசெய்யும். மாதக்கணக்கில் மாட்டிவைக்கலாம்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிகளுக்கு நிறுத்தத் தெரியாது. ஆள் மறந்தால் பேட்டரி கொதித்து, தண்ணீர் வற்றி, தட்டு வெளியே தெரியும்.

ஒரு ராத்திரிக் கணக்கு

இப்போது ஆம்பியருக்கு வரலாம். 12 மணி நேரம் கடலில் இருந்துவிட்டு, கரையில் ப்ளக் எட்டும் இடத்தில் நிற்கும் ஒரு ஃபைபர் படகை எடுத்துக்கொள்வோம்.

1. ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரோடு சேர்ந்த ஜிபிஎஸ், 1 ஆம்பியர், 12 மணி நேரம்: 12 ஏ.எச்.

2. வயர்லெஸ் செட் சும்மா கேட்டுக்கொண்டிருக்க 0.4 ஆம்பியர்: ஏறத்தாழ 5 ஏ.எச். பேசும்போது 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மொத்தமாகக் கால் மணி நேரம் பேசினால் இன்னும் ஒன்றரை.

3. 10 வாட் எல்இடி லைட் இரண்டு, 10 மணி நேரம்: 17 ஏ.எச்.

4. அடையாள விளக்கு 0.5 ஆம்பியர், 10 மணி நேரம்: 5 ஏ.எச்.

ஆக 40 ஏ.எச். செலவு. 100 ஏ.எச். பேட்டரிக்கு இது தாங்கும். 60 ஏ.எச். பேட்டரிக்குத் தாங்காது, அங்கே மாற்ற வேண்டியது சார்ஜரை அல்ல, பேட்டரியை. ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும் என்பதால் 40-ஐ நிரப்ப 47 ஏ.எச். கொடுக்க வேண்டும். 10 ஆம்பியர் சார்ஜர் என்றால் முதல் கட்டத்துக்கும் வால்பகுதிக்கும் சேர்த்து 7 மணி நேரம் பிடிக்கும். படகு காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்பினால் போதுமானதுதான். 20 ஆம்பியர் வைத்தால் முன்பகுதியில் இரண்டு மணி நேரம் மிச்சம், அவ்வளவே. பொதுவாக ஆசிட் பேட்டரிக்கு அதன் ஏ.எச்.சில் 10 முதல் 20 சதவீதம் வரையான ஆம்பியர் சரி. மேலே போனால் சூடுதான். ஜெனரேட்டர் வைத்து ஏற்றுபவர்கள் மட்டும் மேல்வரம்பை ஒட்டி வாங்கலாம். எண்ணெய் எரியும் நேரம் குறையும்.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் செயற்கைக்கோள் ட்ரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கரையின் எல்லையைத் தாண்டியும் செய்தி அனுப்பவும் வாங்கவும் உதவும் கருவி அது. 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குத் தகவல் எட்டவில்லை என்பது குமரிக் கரை மறக்காத விஷயம். கருவியை அரசு கொடுத்தாலும் பேட்டரி நம்முடையது.

24 வோல்ட் படகின் தனி நோய்

பெரிய எஞ்சின் வைத்த விசைப்படகுகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையில் இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். ஆனால் ஜிபிஎஸ், வயர்லெஸ், செல்போன் சார்ஜ் பாயின்ட் போன்றவற்றில் பல 12 வோல்ட் சாமான்கள். எலக்ட்ரீஷியன் சுலபமான வழியாக, வரிசையில் நெகட்டிவ் பக்கம் இருக்கும் கீழ் பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார். அன்றைக்கு எல்லாம் எரியும். நோயும் அன்றைக்கே தொடங்கும்.

ராத்திரி முழுக்க இறங்குவது கீழ் பேட்டரி மட்டும். காலையில் ஆல்டர்னேட்டரோ 24 வோல்ட் சார்ஜரோ 28.4 வோல்ட் கொடுக்கிறது. அதற்குத் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகை மட்டுமே. உள்ளே யாருக்கு எவ்வளவு என்று தெரியாது. நிறைந்திருக்கும் மேல் பேட்டரியின் வோல்ட் விறுவிறுவென்று 15-க்கு ஏறும். கீழ் பேட்டரி 13.4-இல் நிற்கும். கூட்டினால் 28.4. சார்ஜர் திருப்தியாக ஆம்பியரைக் குறைத்துவிடும். மேல் பேட்டரி கொதிக்கிறது, கீழ் பேட்டரி பட்டினி கிடக்கிறது. தினமும் இதே கதை.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பேட்டரி அடிக்கடி தண்ணீர் கேட்கும், மற்றது கேட்கவே கேட்காது. தண்ணீர் கேட்பதை 'வீக்' என்று நினைத்து மாற்றிவிடுவார்கள். உண்மையில் சல்பேட் ஏறிக்கிடப்பது தண்ணீர் கேட்காத பேட்டரிதான்.

இங்கே பெரிய 24 வோல்ட் சார்ஜர் எதையும் தீர்க்காது. இரண்டு வழிகள் உண்டு. 24-ஐ 12-ஆக மாற்றும் கன்வெர்ட்டர் வைத்து, 12 வோல்ட் சாமான்கள் இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக இழுக்கும்படி செய்யலாம். நோயின் வேரை அறுப்பது இதுதான். அல்லது 2 பேங்க் 12 வோல்ட் சார்ஜர் வாங்கி, ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக நிரப்பலாம். அப்படி வாங்கினால், இரண்டு வெளியீடும் ஒன்றோடொன்று மின்தொடர்பு இல்லாதவை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரண்டின் நெகட்டிவும் உள்ளே சேர்ந்திருக்கும் மலிவுப் பெட்டியை வரிசை இணைப்பில் மாட்டினால், ஒரு பேட்டரியின் இரண்டு முனையும் நேராக முட்டிக்கொள்ளும். வயர் பற்றி எரியும்.

வகைக்கு ஏற்ற வோல்ட், ஊருக்கு ஏற்ற வோல்ட்

ஆசிட் பேட்டரிக்கு அப்சார்ப்ஷன் 14.4 முதல் 14.8 வரை. ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சிவைத்திருக்கும் ஏஜிஎம்முக்கு 14.4 முதல் 14.7. ஆசிட்டைக் கூழாக்கி வைத்த ஜெல்லுக்கு 14.1-ஐ ஒட்டி, மேலே போனால் ஜெல்லில் குமிழி விழுந்து அது மாறாமல் நின்றுவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.2 முதல் 14.6, ஃப்ளோட் தேவையில்லை. பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் எண்தான் இறுதி. சார்ஜரில் வகையைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

லித்தியத்துக்கு மாறுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது கரண்டை வஞ்சனையில்லாமல் உறிஞ்சும். நேராக ஆல்டர்னேட்டரில் மாட்டினால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகலாம். நடுவில் கரண்டை மட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் என்ற பெட்டி வேண்டும். பழைய சார்ஜரில் 'டீசல்ஃபேட்' அல்லது 'ஈக்வலைஸ்' பொத்தான் இருந்தால், அது 15.5-க்கு மேல் ஏற்றுவது. தண்ணீர் ஊற்றும் ஆசிட் பேட்டரிக்கு மட்டுமே உரியது.

மேலே சொன்ன வோல்ட்டெல்லாம் 25 டிகிரிக்கு. எஞ்சின் அறை 40 டிகிரியில் இருந்தால், டிகிரிக்கு 24 மில்லிவோல்ட் வீதம் ஏறத்தாழ 0.36 வோல்ட் குறைக்க வேண்டும். அதாவது 14.4 என்பது 14.0 ஆகிவிடும். குறைக்கத் தெரியாத சார்ஜர், நம் வெயிலில் வருடம் முழுவதும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக வேகவைக்கும். வெப்பம் அறியும் சென்சார் உள்ள மாடலுக்குக் கூடுதல் காசு கொடுப்பது தகும். உறைபனியில் லித்தியத்தை ஏற்றாதே என்று வெளிநாட்டுக் கையேடுகள் பக்கம் பக்கமாக எழுதுவதை நாம் தாண்டிப் போகலாம்.

பெட்டி, வயர், தண்ணீர்

ஃபேன் வைத்த சார்ஜர் உப்புக்காற்றை உள்ளே இழுத்துத் தன் போர்டையே அரித்துக்கொள்ளும். உள்ளே பிசின் ஊற்றி அடைத்த, ஃபேன் இல்லாத ஐபி67 பெட்டிதான் படகுக்கு. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தண்ணீர் புகாது. அதன் சூடு உடம்பு வழியாகவே வெளியேற வேண்டும் என்பதால் சுற்றிலும் காற்று இருக்க வேண்டும். பேட்டரிக்கு நேர்மேலே மாட்டக் கூடாது. ஆசிட் ஆவி அரிக்கும். ஏற்றும்போது வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். பேட்டரி இருக்கும் இடத்தில் மேல்பக்கம் காற்றுப்போக்கு வேண்டும்.

வயரில் கஞ்சத்தனம் காட்டுவது பரவலான தப்பு. சார்ஜரிலிருந்து பேட்டரிக்கு 3 மீட்டர் தூரம், போக வர 6 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 20 ஆம்பியர் போனால் ஏறத்தாழ 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். சார்ஜர் 14.4 என்று காட்டும். பேட்டரிக்கு வருவது 13.5. இரண்டாம் கட்டம் வந்துவிட்டதாக நினைத்து சார்ஜர் வேகத்தைக் குறைக்கும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட். ஃபியூஸ், பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும்.

230 வோல்ட் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் எந்தப் படகிலும் ப்ளக் சொருகக் கூடாது. ஈரத் தளம், வெறுங்கால், இரும்பு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கரையின் எர்த் கம்பி எல்லாப் படகுகளின் உலோகத்தையும் ஒன்றாக இணைத்துவிடுவதால், புரொப்பல்லரும் ஷாஃப்டும் வேகமாக அரிக்கும் ஆபத்தும் உண்டு. நாள்கணக்கில் சொருகிவைப்பவர்கள், எர்த் கம்பி வழியாக ஓடும் அந்த அரிப்புக் கரண்டைத் தடுக்கும் கால்வானிக் ஐசொலேட்டர் வைத்துக்கொள்வது நல்லது.

தடைக்காலத்துக்குள் என்ன செய்வது

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தானே போனோம் என்று தோன்றும். ஜிபிஎஸ்ஸின் நினைவகம், வயர்லெஸ் செட்டின் சிறு விளக்கு, படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் சுவிட்ச் என்று எங்கோ 50 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் போதும். ஒரு நாளைக்கு 1.2 ஏ.எச். 61 நாளைக்கு 73 ஏ.எச். 100 ஏ.எச். பேட்டரியில் முக்கால்வாசி ஒரு லைட்கூட எரியாமல் போய்விடும். இதோடு பேட்டரி தானாக வடிவதும் சேரும். 10 டிகிரி சூடு கூடினால் அந்த வடிதல் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

படகைக் கரையேற்றும் அன்றே பேட்டரியை முழுசாக ஏற்றி, ஆறவிட்டு 12.6 காட்டுகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்து, நெகட்டிவ் கிளிப்பைக் கழற்றிவிட வேண்டும். ப்ளக் எட்டும் படகில் சார்ஜர் மட்டும் பேட்டரியோடு நேராக இணைந்து ஃப்ளோட்டில் இருக்கட்டும். மற்ற எல்லா வயரும் வெளியே. எட்டாத படகுக்குக் கன்ட்ரோலரோடு 20 வாட் சோலார் பலகை போதும். அதுவும் இல்லையென்றால், தடையின் நடுவில், கிழக்குக் கரையில் மே 15 வாக்கில், ஒருமுறை பேட்டரியை வீட்டுக்குத் தூக்கிப்போய் ஒரு ராத்திரி ஏற்றிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து வைத்தால் போதும்.